பி-சாண்டுக்கு ஏன் அந்த விலை?

“எம்-சாண்டையே சலிச்சுப் பூசிக்கலாமே, பி-சாண்டுக்கு எதுக்கு சார் கூடக் காசு?”

ரூஃப் போட்டு, சுவர் எழும்பி, பூச்சு வேலைக்கு நாள் குறிக்கும் நேரத்தில் வீட்டுக்காரர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டுவிடுவார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் சின்ன வீடுகள் கட்டித் தருகிற எனக்கு இது பழகிப்போன கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. எம்-சாண்ட் என்றால் கல்லை உடைத்துச் செய்யும் மணல்; பி-சாண்ட் அதிலேயே பூச்சுக்கென்று எடுப்பது. இரண்டும் ஒரே கிரஷரிலிருந்து, அதாவது கல் உடைக்கும் ஆலையிலிருந்து, வருகின்றன. ஒரே பாறை, ஒரே சாம்பல் நிறம். ஒன்று கொஞ்சம் பொடியாக இருக்கிறது, அவ்வளவுதானே? சல்லடை நம் வீட்டிலும் இருக்கிறதே?

வாயால் பதில் சொல்லி யாரையும் நம்ப வைக்க என்னால் முடிந்ததில்லை. கிரஷருக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். எல்லோரையும் கூட்டிப்போக முடியாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆற்று மணல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் பூச்சுக்கென்று தனி மணல் கிடையாது. பாலாற்று மணல் ஒரு லோடு வந்து இறங்கும். காங்கிரீட்டுக்கு அப்படியே போடுவார்கள். பூச்சுக்கு நின்ற வாக்கில் சாய்த்து வைத்த சல்லடையில் சித்தாள்கள் வீசிச் சலித்துக் கொடுப்பார்கள். மேலே தங்கும் கூழாங்கல்லைத் தரை நிரப்பத் தள்ளிவிடுவார்கள். 2017-இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு மே மாதம் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, மணல் குவாரிகளை இனி அரசே நடத்தும், மூன்று ஆண்டுகளில் எம்-சாண்டுக்கு மாறிவிட வேண்டும் என்று அறிவித்தார். நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆறு மாதத்துக்குள் மணல் குவாரிகளை மூடச் சொல்லித் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு, ஆன்லைன் புக்கிங், மலேசிய மணல் என்று அதன் பிறகு நடந்ததெல்லாம் தனிக்கதை. எங்கள் தொழிலில் நடந்தது என்னவென்றால், காங்கிரீட்டுக்கு எம்-சாண்டை முதலில் ஏற்றுக்கொண்டோம், அப்புறம் கட்டு வேலைக்கு. பூச்சுக்கு மட்டும் ரொம்ப நாள் யாரும் இறங்கி வரவில்லை. மற்றதெல்லாம் எம்-சாண்டில் முடித்துவிட்டு, பூச்சுக்கு மட்டும் எங்கிருந்தாவது ரெண்டு யூனிட் ஆற்று மணல் தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. காங்கிரீட்டில் மணல் ஜல்லிக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். பூச்சில் ஒளிய இடமே கிடையாது. உள் சுவரில் 12 மில்லிமீட்டர், வெளிச்சுவரில் 15 சொச்சம், சீலிங்கில் வெறும் 6. அவ்வளவு மெல்லிய அடுக்கில் 4 மில்லிமீட்டர் கல் ஒன்று இருந்தால், தேய்ப்புக் கட்டை போகிற வழியெல்லாம் அது கோடு இழுத்துக்கொண்டே வரும். பொடி அதிகமாக இருந்தாலோ கலவை தண்ணீரைக் குடிக்கும். காய்ந்து சுருங்கும்போது சுவர் அதைச் சுருங்க விடாது. மேலே மயிரிழை வெடிப்பாக விரியும். பெரிய கல்லும் கூடாது, தூசியும் கூடாது.

இப்போது கிரஷருக்குள் போவோம்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிரஷர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். குவாரியில் வெடி வைத்துப் பெயர்த்த சக்கையை டிப்பர் கொண்டுவந்து மேடையில் கொட்டும். முதலில் ஜா கிரஷர், இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே நசுக்கும். அடுத்தது கோன் கிரஷர். இதுவரை நடப்பது எல்லாம் ஜல்லி தயாரிப்பு. முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, சிப்ஸ், கடைசியில் கீழே விழுவது டஸ்ட். இந்த டஸ்டைத்தான் பல வருடங்கள் பள்ளம் நிரப்பவும், சாலிட் பிளாக் போடவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். இது மணல் இல்லை. நசுங்கி உடைந்த கல் பட்டையாக, கூர் விளிம்போடு இருக்கும். அதைச் சாந்தாகக் குழைத்தால் கரண்டிக்கு அடங்காது.

மணலாக்கும் வேலையைச் செய்வது வி.எஸ்.ஐ. (வெர்டிகல் ஷாஃப்ட் இம்பேக்டர்) என்கிற மெஷின். நடுவில் ஒரு ரோட்டார் வேகமாகச் சுழலும். மேலிருந்து அதன் நடுவில் விழும் கல்லை அது நொடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசி எறியும். சுற்றிலும் இரும்புச் சுவர் இருக்கும் என்று நினைப்போம். நல்ல மெஷினில் அங்கே இருப்பது ஏற்கெனவே வந்து படிந்த கல்தான். கல்லைக் கல்லால் அடித்து உடைக்கிற ஏற்பாடு. அதில் மூலைகள் மழுங்குகின்றன, பட்டைக் கற்கள் உடைந்து கனசதுர வடிவத்துக்கு வருகின்றன. தேய்மானமும் இரும்புக்குக் குறைவு. இதைக் கண்டுபிடித்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள், பார்ட்லி, மக்டொனால்டு என்று இரண்டு பேர். அவர்கள் பெயரைச் சேர்த்து வைத்ததுதான் பார்மேக் என்ற பிராண்ட். பல கிரஷர்காரர்கள் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் அதை பார்மேக் என்றே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

வி.எஸ்.ஐ.யிலிருந்து வருவதை அதிரும் சல்லடைகளில் சலிக்கிறார்கள். 4.75 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளது எம்-சாண்ட். 2.36-க்குக் கீழே உள்ளது பி-சாண்ட். இதுவரை பார்த்தால் வீட்டுக்காரர் சொன்னது சரி போலத்தான் தெரியும். கொஞ்சம் பொடியான சல்லடை, அதற்கு இவ்வளவு விலையா?

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு வருகிறது. ஒரு உதாரணத்துக்கு, 4.75-க்குக் கீழே சலித்து எடுத்த, கழுவாத மணல் 100 கிலோ என்று வையுங்கள். அதில் 14 கிலோ தூசி. தூசி என்றால் 75 மைக்ரானுக்குக் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) கீழே, ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிற பொடி. ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 383 என்கிற காங்கிரீட் மணல் விதி, 2016-இல் திருத்தப்பட்டது, உடைத்த கல் மணலில் இந்தத் தூசி 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. அப்படிப் பார்த்தால் இது பாஸ். இப்போது இதையே 2.36 சல்லடையில் போடுகிறோம். மேலே 30 கிலோ தங்குகிறது. கீழே விழுந்தது 70 கிலோ. தூசி? ஒரு கிராம்கூட மேலே தங்காது, 14 கிலோவும் கீழேதான் வரும். 70-க்கு 14 என்றால் 20 சதவீதம். சலித்ததால் தூசியின் பங்கு கூடியிருக்கிறது.

பூச்சு மணலுக்கு விதி வேறு. ஐ.எஸ். 1542, 1992-இல் திருத்தப்பட்டது. அதில் களிமண், வண்டல், தூசி எல்லாம் சேர்த்து 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம்மிடம் இருப்பதோ 20. அந்த 70 கிலோவில் தூசி இல்லாத மணல் 56 கிலோ. அதோடு 3 கிலோ தூசி இருந்தால் கிட்டத்தட்ட 5 சதவீதம் வரும். மீதி 11 கிலோவைக் கழுவி வெளியேற்ற வேண்டும். 100 கிலோவில் தொடங்கி கையில் மிஞ்சுவது 59. மேலே தங்கிய 30 கிலோவை எம்-சாண்டில் கலக்கலாம், திரும்ப வி.எஸ்.ஐ.க்குள் விடலாம். அந்த 11 கிலோ போனது போனதுதான். நீங்கள் வீட்டில் சலிக்கும்போது செய்வது இதன் முதல் பாதி மட்டும். கூடுதல் காசு இரண்டாவது பாதிக்கு.

காங்கிரீட்டில் 15 வரை விட்டவர்கள் பூச்சில் 5 என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். காங்கிரீட்டில் கொஞ்சம் கல்மாவு இருந்தால் ஜல்லிக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி உதவிகூடச் செய்யும். பூச்சு பரந்து கிடக்கிற மெல்லிய அடுக்கு; ஒரு பக்கம் செங்கல் தண்ணீரை உறிஞ்சுகிறது, மறுபக்கம் வெயிலும் காற்றும். அங்கே கூடுதல் தண்ணீர் கேட்கிற எந்தப் பொடியும் வெடிப்புக்குத்தான் வழி.

கழுவுகிற இடம்தான் கிரஷரில் எனக்குப் பிடித்த இடம். பெரிய சக்கரத்தில் வாளி வாளியாகப் பொருத்திய வாஷர் தொட்டிக்குள் மெதுவாகச் சுற்றும். மணல் அடியில் தங்க, தூசி தண்ணீரோடு மேலாக வழிந்து ஓடும். கேட்க எளிது. செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீருக்கு 75 மைக்ரானில் கோடு போட்டுப் பிரிக்கத் தெரியாது. வேகமாக விட்டால் 150 மைக்ரான், 200 மைக்ரான் மணலும் சேர்ந்தே போய்விடும். பூச்சுக்கு உயிரே அந்த நடுத்தரப் பொடிதான்.

ஐ.எஸ். 1542-ஐ இன்னொரு தடவை பாருங்கள். 600 மைக்ரான் சல்லடை வழியாக 80 முதல் 100 சதவீதம் வரை இறங்க வேண்டும் என்கிறது. தூசி 5-க்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், மொத்த மணலில் நான்கில் மூன்று பங்கு 75-க்கும் 600-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். கல்லை உடைக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்: ஒரு மில்லிமீட்டருக்கு மேலே நிறைய, தூசி நிறைய, நடுவில் பள்ளம். ஆறு இந்த நடுப்பொடியை ஒதுக்கி ஒதுக்கி அதற்கென்று ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தது. கிரஷர்காரர் மெஷினின் வேகத்தையும், சல்லடையையும், தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பார்த்து அதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சந்தையில் பி-சாண்ட் என்று விற்பதில் பெரும்பகுதி, 2.36-இல் சலித்துக் கழுவியது என்ற அளவோடு நின்றுவிடுகிறது; 600 மைக்ரான் கணக்கு வரை போகிறவர்கள் குறைவு. நல்ல கிரஷர்களில் வாஷருக்குப் பின்னால் ஹைட்ரோ சைக்ளோன் வைத்திருப்பார்கள். வழிந்து ஓடும் தண்ணீரைச் சுழற்றி, அதில் தப்பிப்போகும் நல்ல பொடியை மீட்டு மணலோடு சேர்க்கும் கருவி. ‘டபுள் வாஷ்’ என்று போர்டில் எழுதுவதைவிட இது இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இரண்டு தடவை கழுவி நடுப்பொடியையும் அனுப்பிவிட்டால் கையில் வருவது சொரசொரப்பான மணல். அதைப் பூசுகிற கொத்தனார் உங்களைத்தான் திட்டுவார்.

பாறையையும் சொல்ல வேண்டும். மேல்மண்ணை ஒழுங்காக அகற்றாமல், உக்கிய பாறையையும் சேர்த்து உடைத்தால் தூசியோடு களிமண்ணும் வரும். கல்மாவைவிடக் களிமண் பல மடங்கு மோசம். மினுமினுவென்று அபிரகம் (மைக்கா) அதிகமுள்ள கல்லும் பூச்சுக்கு ஆகாது; அந்தத் தகடுகளில் சிமெண்ட் பிடிக்காது. இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. சென்னையைச் சுற்றி இருப்பது சார்னோக்கைட், கருநீலச் சாம்பல் நிறம், இறுகிய கல். கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை மேலே கிடந்த கல்லை 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தார். அது இங்கே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். சென்னையின் எத்தனையோ கட்டடங்களுக்கு அந்த வட்டாரம் கல் கொடுத்திருக்கிறது. குன்றத்தூர் அருகே சிக்கராயபுரத்தில் கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து 2017-லும் 2019-லும் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

பள்ளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பி-சாண்ட் ஆற்றைக் காப்பாற்றுகிறது என்று பேசுவோம். உண்மைதான். ஆனால் அந்தக் காப்பாற்றலின் பில் வேறு யாரோ ஊருக்குப் போகிறது. கழுவிய தண்ணீரைக் குளத்தில் தேக்கி, தெளிய வைத்து, திரும்பப் பயன்படுத்த வேண்டும். செய்யாதவர்கள் போர்வெல்லில் உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். குளத்தின் அடியில் தங்குகிற சேறு, நம் கணக்கில் வந்த அந்த 11 கிலோ, அதை எங்கே போடுவது? ஃபில்டர் பிரஸ் வைத்துப் பிழிந்து பலகை பலகையாக எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஷின் விலை அதிகம். மற்ற இடங்களில் பொக்லைன் வைத்து வாரி ஓரமாகக் கொட்டுகிறார்கள், காய்ந்ததும் காற்றில் பறக்கிறது. உலர்ந்த கல்லை உடைக்கும் மேடையில் முகத்தில் துண்டு கட்டி நிற்கும் ஆட்கள் சுவாசிப்பது குவார்ட்ஸ் கலந்த தூசி. சிலிகோசிஸ் வந்தால் குணமாகாது. தண்ணீர் தெளிப்பானும், மூடிய கன்வேயரும், சரியான முகக்கவசமும் விலைப்பட்டியலில் தெரிவதில்லை, ஆனால் அங்கே இருக்க வேண்டிய செலவு அவை.

2023 மார்ச்சில் தமிழக அரசு எம்-சாண்டுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்து கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், விலை ஏறியதும், எங்கள் சைட்டுகள் முடங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். வரி வேண்டும், வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. அந்த நாட்களில்தான் கிரஷர் பவுடர் பி-சாண்ட் என்ற பெயரில் தாராளமாக ஊருக்குள் வந்தது. எனக்கும் ஒரு லோடு அப்படி இறங்கியது. பில்லில் பி-சாண்ட் என்று அழகாக எழுதியிருந்தது. தரையில் கொட்டும்போதே புகை எழும்பியது. கழுவிய மணல் ஒருநாளும் புகையாது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கொத்தனார்கள் பக்கம் வருகிறேன். எங்கள் மேஸ்திரி ஆற்று மணலில் கை பழகி, ஐம்பது வயதைத் தாண்டியவர். முதல் முதலில் பி-சாண்டில் சுவர் பூசச் சொன்னபோது ரெண்டு கரண்டி அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், இது சொன்ன பேச்சு கேக்காது.”

“ஏன் மேஸ்திரி?”

“ஆத்து மணல் உருண்டு போவும். இது பிடிச்சுக்கிட்டு நிக்குது. கட்டை இழுக்க வரலை.”

அவர் சொன்னது உண்மை. ஆற்று மணலின் துகள் உருண்டை, இது கோணம். கலவையில் துகள்கள் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். சுவரில் அடித்தால் நன்றாக ஒட்டும், கீழே சிதறி விழுவது குறைவு. ஆனால் மட்டப்படுத்தக் கை வலிக்கும். இந்த இடத்தில் பெரும்பாலான கொத்தனார்கள் செய்வது ஒன்றே: இன்னும் கொஞ்சம் தண்ணீர், இன்னும் கொஞ்சம் சிமெண்ட். இரண்டுமே வெடிப்பைக் கூட்டும். உள் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து, ஆறு பங்கு மணல் (1:5, 1:6) என்று பேசிவிட்டு 1:3-இல் குழைத்தால் சுவர் பலமாகாது, சுருங்கி வெடிக்கும். மேஸ்திரியோடு பேசி, தண்ணீர் கூட்டாமல் கலவை இளக பிளாஸ்டிசைசர் கொஞ்சம் சேர்த்தோம். கொஞ்ச நாளில் அவர் கை மாறிவிட்டது. இப்போது ஆற்று மணல் கிடைத்தாலும், ‘அது கீழே ரொம்பக் கொட்டுது சார்’ என்கிறார்.

பூச்சு வெடித்தால் பி-சாண்ட் தலையில் பழியைப் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. காங்கிரீட் தூணும் (காலம்) செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கம்பி வலை அடிக்காமல் பூசினால் எந்த மணலாக இருந்தாலும் வெடிக்கும். சுவரை நனைக்காமல் பூசினாலும், சுவர் கோணலாக இருக்கிறதென்று 30 மில்லிமீட்டரை ஒரே அடியில் ஏற்றினாலும், ஒரு வாரமாவது தண்ணீர் அடித்து கியூரிங் செய்யாமல் விட்டாலும் அப்படியே. வெடிப்பைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சுவர் முழுக்க வலை மாதிரிப் பரவியிருந்தால் தூசியையோ, அதிக சிமெண்டையோ, குறைந்த கியூரிங்கையோ சந்தேகப்படலாம். நேர்கோடாக காலம் ஓரத்தில் இறங்கினால் மணலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வாங்கும்போது என்ன பார்ப்பது என்று கேட்பார்கள். உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துக் கொட்டுங்கள்; மாவு அப்பிக்கொண்டு நின்றால் யோசியுங்கள். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேலே தனியாகப் படியும் அடுக்கு, மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்பது சைட்டில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. இது ஒரு மேலோட்டமான பார்வை, லேப் டெஸ்டுக்கு மாற்று இல்லை. பெரிய வேலை என்றால் லேபுக்குக் கொடுத்து சல்லடைக் கணக்கை வாங்கிவிடுங்கள், செலவு ஒரு லோடு விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ரிப்போர்ட்டில் 600 மைக்ரான் வரியையும் 75 மைக்ரான் வரியையும் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கிரஷர்காரர் காட்டுகிற பழைய சான்றிதழைவிட, உங்கள் லோடிலிருந்து எடுத்த ஒரு பை மணலின் ரிப்போர்ட் மேல்.

இன்னொன்று. கழுவிய மணல் ஈரமாகத்தான் வரும், லாரிக்கு அடியில் சொட்டிக்கொண்டே வரும். டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். அதனால் நான் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடிக் கணக்கில், லாரித் தொட்டியை டேப் பிடித்து அளந்தே வாங்குகிறேன். இறக்கியதும் ஒரு ராத்திரி வடிய விடுங்கள். மறுநாள் காலையிலும் உள்ளே ஈரம் இருக்கும், ஆகவே முதல் கலவைக்கு வழக்கமான தண்ணீரை ஊற்ற விடாதீர்கள். குறைத்து ஊற்றி, கரண்டியில் எடுத்துப் பார்த்து, அப்புறம் கூட்டச் சொல்லுங்கள்.